நாயின் இதயத்திலிருந்து குழந்தையின் விரல்நுனி வரை

யானைக்கால் நோய்க்குக் காரணமான புழு பகலில் அகப்படாது. வூச்சரேரியா பான்கிராஃப்டி என்பது அதன் பெயர். அது ஈனும் நுண்புழுக்கள் பகல் முழுக்க நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்கிக் கிடக்கும். இரவு பத்து மணி வாக்கில்தான் தோலுக்கு அருகே ஓடும் ரத்தத்துக்கு வந்து சேரும். க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் அதுதான். கொசுவின் வயிற்றுக்குள் போனால்தான் புழுவின் அடுத்த தலைமுறைக்கு வழி பிறக்கும்.

இதனால் நோயைத் தேடுகிறவர்களும் இரவில்தான் அலைய வேண்டியிருந்தது. 1955-இல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபின் இந்தியாவின் பல ஊர்களில் இது வழக்கமான காட்சி. ஊர் அடங்கிய பிறகு சுகாதார ஊழியர்கள் கதவைத் தட்டுவார்கள். தூங்கும் குழந்தையை எழுப்பி விரலில் குத்தி, 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை ஸ்லைடில் தடவி எடுத்துப் போவார்கள். மறுநாள் அதைத் தண்ணீரில் போட்டுச் சிவப்பு நிறத்தைப் போக்கி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துக் கால் மில்லிமீட்டர் நீள நுண்புழுவைத் தேட வேண்டும். அத்தனை பாடு பட்டும், ரத்தத்தில் புழுக்கள் குறைவாக இருந்தால் அந்த ஒரு சொட்டில் எதுவும் சிக்காது. உடம்பில் தாய்ப்புழு உயிரோடு இருக்க, ஸ்லைடு மட்டும் "இல்லை" என்று சொல்லிவிடும்.

இந்த இரவு வேலையைப் பகல் வேலையாக மாற்றியது ஓர் எதிர்ப்பொருள். ஆய்வுக்கூடத்தில் அதற்கு இட்ட பெயர் ஏ.டி.12. யானைக்கால் நோயைப் பிடிக்கவென்று பிறந்ததல்ல அது. அதன் பூர்வீகம் நாயின் இதயம்.

புழுவை மனிதன் அறிந்துகொண்ட கதை நீளமானது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1863-இல் பாரிஸில் தெமார்க்கே விரைவீக்க நீரில் நுண்புழுவைக் கண்டார். 1866-இல் பிரேசிலில் வூச்சரர் சிறுநீரில் கண்டார். 1872-இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் ரத்தத்திலேயே கண்டார். 1876-இல் பிரிஸ்பேனில் பான்கிராஃப்டுக்குத் தாய்ப்புழு கிடைத்தது. 1877-இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன், நுண்புழுக்கள் இருந்த தன் தோட்டக்காரரைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்து, கொசுவுக்குள் புழு வளர்வதைக் காட்டினார். பதினைந்து ஆண்டுக்குள் புழுவின் ஜாதகமே கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதைப் பகலில் கண்டுபிடிக்கும் வழிக்கு மேலும் ஒரு நூற்றாண்டு ஆனது.

எதிர்ப்பொருளைக் கொண்டு ஒட்டுண்ணியைத் தேட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நோயாளியின் உடம்பு புழுவுக்கு எதிராகத் தானே உண்டாக்கிய எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடுவது. மற்றொன்று, ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தூண்டிலாக்கி, புழு ரத்தத்தில் கசியவிடும் பொருளை, அதாவது ஆன்டிஜெனை, பிடிப்பது. முதல் வழி புழுவுக்கு உடம்பு தந்த பதிலைக் காட்டும். இரண்டாவது புழு விட்ட தடத்தையே காட்டும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை எளிதில் விளங்கும்.

முதலில் முயன்று பார்த்தது முதல் வழியைத்தான். அதில் இரண்டு தொல்லைகள். நாக்குப்பூச்சியும் கொக்கிப்புழுவும் வந்துபோகும் ஊர்களில்தான் யானைக்காலும் இருக்கிறது. உருளைப்புழு இனங்களுக்குள் பொதுவான பொருள்கள் ஏராளம். வயிற்றுப் புழுவுக்கு எதிராகத் தோன்றிய எதிர்ப்பொருள், ஃபைலேரியா சோதனையிலும் கையைத் தூக்கிவிடும். அடுத்த தொல்லை, புழு செத்தாலும் எதிர்ப்பொருள் நெடுநாள் நிற்கும். பழைய நோயா, இன்றைய நோயா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதில் ஒரு பிடி கிடைத்தது 1985-இல். எரிக் ஆட்டசனும் உடன் உழைத்தவர்களும் ஃபைலேரியா நோயாளிகளின் எதிர்ப்பொருள்களை வகைவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் எஸ்.பி. திரிபாதியும் இருந்தார். ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள்களில் மிகச் சிறிய பங்கே வகிக்கும் ஐ.ஜி.ஜி.4 என்ற உள்வகை, ஃபைலேரியா நோயாளிகளிடம் ஓங்கி நின்றது. மற்ற வகைகளை ஒதுக்கிவிட்டு ஐ.ஜி.ஜி.4-ஐ மட்டும் தேடினால், வயிற்றுப் புழுக்கள் செய்யும் குழப்பம் பெருமளவு குறைந்தது. இந்தக் கண்டுபிடிப்பு பின்னால் மலேசியாவில் பெரிய வேலைக்கு உதவியது. அதற்குள் இரண்டாவது வழி முந்திக்கொண்டது.

அந்த வழிக்கு வேண்டிய தூண்டில் முன்பே பிறந்திருந்தது. 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் செல்லைச் சாகாத புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். ஒரே செல்லின் வாரிசுகள் ஒரே விதமான எதிர்ப்பொருளை அலுக்காமல் சுரந்துகொண்டே இருக்கும். மோனோகுளோனல் என்று இதைச் சொல்கிறோம். 1984-இல் நீல்ஸ் யெர்னேவோடு சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கருவி கிடைத்தது, புழு வேண்டுமே? மனிதனின் நிணநீர்க் குழாய்க்குள் சுருண்டு கிடக்கும் தாய்ப்புழுவை வெளியே எடுப்பது எளிதல்ல. ஆய்வுக்கூட எலிகளிலும் அது வளராது. ஆனால் அதன் நெருங்கிய உறவினம் ஒன்று நாய்களிடம் தாராளமாகக் கிடைக்கிறது. டைரோஃபைலேரியா இமிட்டிஸ் என்ற அந்தப் புழு, நாயின் இதயத்தின் வலப்பக்கத்திலும் நுரையீரலுக்குப் போகும் தமனியிலும் கொத்துக் கொத்தாக வாழும். பெண் புழு ஒரு சாண் நீளத்துக்கு மேலும் வளரும். அமெரிக்காவில் நாய் வளர்ப்போர் அனைவரும் அஞ்சும் நோய் அது.

செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் கேரி வைல் இந்தப் புழுவைக் கையில் எடுத்தார். நாய்ப்புழுவின் பொருள்களுக்கு எதிராக எலிகளிடமிருந்து மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களை உண்டாக்கி, நோயுற்ற நாய்களின் ரத்தத்தில் புழுவின் ஆன்டிஜெனைப் பிடித்துக் காட்டினார். அந்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. அந்த வேலையிலிருந்து வந்ததுதான் ஏ.டி.12.

அதை மனித ரத்தத்தில் முயன்றபோது நடந்ததுதான் அதன் வாழ்வின் முதல் பெரிய திருப்பம். இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து வைல் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், பான்கிராஃப்டி நுண்புழுக்கள் உள்ள மனிதர்களின் ரத்தத்திலும் அந்த எதிர்ப்பொருள் தன் இரையைக் கண்டுகொண்டது. காரணம், ஏ.டி.12 பற்றிக்கொள்வது ஒரு புரதத்தை அல்ல. புழுவின் மூலக்கூறில் தொங்கும் ஒரு சர்க்கரை அமைப்பை. ஃபைலேரியா குடும்பத்தில் பல புழுக்களிடம் அந்தச் சர்க்கரை உண்டு, அண்ணன் தம்பிகளிடம் ஒரே முகஜாடை இருப்பதுபோல. ஆனால் அன்று பார்த்தவரை, மனிதனைப் பிடிக்கும் ஃபைலேரியாக்களில் பான்கிராஃப்டி மட்டுமே அந்தப் பொருளைச் சோதனைக்குச் சிக்கும் அளவுக்கு ரத்தத்தில் கலக்கவிட்டது. ஜாடை பொதுவாக இருந்தாலும் வாசலில் நின்றது ஒருவன்தான். சோதனையின் நம்பகம் முழுவதும் இந்த ஒரு நிலவரத்தின் மேல் நின்றது.

ஏறக்குறைய அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில், ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில், மோர், கோப்மன் இருவரும் மாட்டின் ஒட்டுண்ணியான ஆங்கோசெர்கா கிப்ஸனியிலிருந்து இன்னொரு எதிர்ப்பொருளை உண்டாக்கினார்கள். அதன் பெயர் ஓ.ஜி.4.சி.3. அதுவும் மனிதனின் யானைக்கால் புழுவைக் காட்டிக்கொடுத்தது. நாயிடமிருந்து ஒன்று, மாட்டிடமிருந்து ஒன்று. இரண்டும் வந்து சேர்ந்தது மனிதனுக்கு. ஓ.ஜி.4.சி.3 எலைசா என்னும் ஆய்வுக்கூடச் சோதனையின் தட்டுகளில் தங்கிவிட்டது. ஏ.டி.12 ஊர் சுற்றக் கிளம்பியது.

1990-களில் ஆஸ்திரேலியாவின் ஐ.சி.டி. நிறுவனம் அதை ஓர் அட்டையில் ஏற்றியது. அந்த அட்டையைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். தீப்பெட்டிப் படத்தைவிடச் சற்றுப் பெரிய மடிப்பு அட்டை. உள்ளே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு திண்டு. அதை ஒட்டி ஒரு வெள்ளைச் சவ்வு. விரலில் குத்தி எடுத்த 100 மைக்ரோலிட்டர் ரத்தத்தைத் திண்டின் வெள்ளைப் பகுதியில் விட வேண்டும். சிவப்பணுக்கள் அங்கேயே தங்கிவிட, தெளிந்த நீர் மட்டும் நகரும். இளஞ்சிவப்புப் பகுதியில் தங்கத் துகள் பூசிய எதிர்ப்பொருள்கள் காத்திருக்கின்றன. ரத்தத்தில் புழுவின் பொருள் இருந்தால் அவை அதை ஒரு பக்கம் பற்றிக்கொள்ளும். அட்டையை மூடியதும் அந்தக் கூட்டு சவ்வின் வழியே ஊர்ந்து போகும். வழியில் குறுக்கே ஒரு கோடாக ஏ.டி.12 ஒட்டப்பட்டிருக்கிறது. புழுவின் பொருளை அது மறுபக்கம் பற்றி நிறுத்த, தங்கத் துகள்கள் அங்கே குவிந்து இளஞ்சிவப்புக் கோடு தெரியும். சோதனை சரியாக நடந்ததா என்று சொல்ல இன்னொரு கோடு. பத்து நிமிடத்தில் முடிவு. மைக்ராஸ்கோப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், முக்கியமாக இரவு வேண்டாம். நுண்புழுக்கள் எங்கே பதுங்கினாலும் தாய்ப்புழுவின் பொருள் ரத்தத்தில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறதே.

அட்டை வெளிவந்த காலம் நல்ல காலம். 1997-இல் உலகச் சுகாதார மன்றம் யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிப்பதெனத் தீர்மானம் போட்டது. 2000-இல் உலகளாவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது 12 கோடிப் பேருக்கு நோய்த்தொற்று இருந்ததாகவும், அவர்களில் சுமார் 4 கோடிப் பேர் உடல் உருக்குலைந்தும் செயலிழந்தும் இருந்ததாகவும் மதிப்பீடு. எந்த மாவட்டத்தில் நோய் உண்டு, எங்கே இல்லை என்று வரைபடம் போட இந்த அட்டை கைகொடுத்தது.

அது கையோடு இரண்டு உண்மைகளையும் கொண்டுவந்தது. கால் யானைக்கால்போல் வீங்கிக் கிடப்பவரைச் சோதித்தால் பல நேரம் கோடு விழுவதில்லை. அவருடைய நிணநீர்க் குழாய்களைப் பாழாக்கிய புழுக்கள் எப்போதோ செத்துவிட்டன. எஞ்சியிருப்பது சேதம் மட்டும். மாறாக, ஓடியாடி விளையாடும், ஒரு குறையும் தெரியாத குழந்தையின் ரத்தத்தில் கோடு விழுந்தது. பெரியவர்களின் நோய் என்று கருதப்பட்டது, உண்மையில் குழந்தைப் பருவத்திலேயே தொற்றிக்கொள்கிறது என்பது ஆன்டிஜென் சோதனைகள் வந்த பிறகே திட்டமாகத் தெரிந்தது. தாய்ப்புழு ஆறிலிருந்து எட்டு ஆண்டுவரை வாழும். கால் வீங்குவது பல ஆண்டுகள் கழித்து.

இதனால்தான் இன்று ஒழிப்புத் திட்டத்தின் தேர்வு முதலிரண்டு வகுப்புகளில் நடக்கிறது. ஒரு பகுதியில் ஆண்டுக்கொரு முறையாகக் குறைந்தது ஐந்து சுற்று யானைக்கால் மாத்திரை ஊர் முழுக்கக் கொடுத்து முடித்தபின், ஆறு ஏழு வயதுக் குழந்தைகளைச் சோதிக்கிறார்கள். வாழ்நாளின் பெரும்பகுதியை மாத்திரை கொடுத்த காலத்திலேயே கழித்த குழந்தைகள் அவர்கள். அவர்களிடம் புழு இருந்தால் நோய் இன்னும் பரவுகிறது என்று பொருள். க்யூலெக்ஸ் கொசு பரப்பும் பகுதிகளில் கோடு விழும் குழந்தைகள் 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஊர் முழுக்க மாத்திரை கொடுப்பதை நிறுத்தலாம். பின்னும் சில ஆண்டு இடைவெளி விட்டு இரண்டு முறை சோதிக்க வேண்டும். பழைய அட்டைக்குப் பதில் 2013 முதல் மெல்லிய பட்டை ஒன்று வந்துவிட்டது. அதற்கு 75 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும். வெயில் ஊர்களில் கெடாமல் இருக்கும் காலமும் கூடியது. உள்ளே இருக்கும் எதிர்ப்பொருள் அதே ஏ.டி.12. இலங்கை இப்படிப்பட்ட கணக்கெடுப்புகளைக் கடந்து 2016-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.

ஏ.டி.12-க்கு ஆகாத ஊர்களும் உண்டு. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் யானைக்காலைக் கொடுத்தது பான்கிராஃப்டி மட்டுமல்ல. ப்ரூகியா மலாயி என்ற இன்னொரு புழுவும். ஆகாயத்தாமரை மிதக்கும் குளங்களில் வளரும் மான்சோனியா கொசு அதைப் பரப்பும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அதன் ஆட்சி பெரிது. இந்தப் புழு தன் ஆன்டிஜெனைப் பட்டைக்குத் தெரியும்படி ரத்தத்தில் விடுவதில்லை. உடம்பு நிறையப் புழு இருந்தாலும் ஏ.டி.12 வாயைத் திறக்காது.

அங்கே முதல் வழியே கைகொடுத்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ரஹ்மா நூர்தீன் குழு, ப்ரூகியா புழுவின் பி.எம்.ஆர்.1 என்ற ஆன்டிஜெனை மரபணு முறையில் தயாரித்து, அதற்கு எதிராக மனித ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஜி.4 எதிர்ப்பொருளைப் பிடிக்கும் பட்டையை உருவாக்கியது. ப்ரூகியா ராப்பிட் என்ற பெயரில் அது வெளிவந்தது. ப்ரூகியா உள்ள பகுதிகளில் பள்ளிக் குழந்தைகளைச் சோதிக்க இது பயன்பட்டு வந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டு பட்டைகளும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் கோடு விழும். ஒன்று புழுவைப் பிடித்ததாகச் சொல்கிறது. மற்றது புழுவை உடம்பு எதிர்த்ததாகச் சொல்கிறது.

ஏ.டி.12-க்குப் பெரிய சோதனை மத்திய ஆப்பிரிக்காவில் வந்தது. கேமரூன், காங்கோ காடுகளில் லோவா லோவா என்றொரு ஃபைலேரியா உண்டு. கண்ணின் வெண்படலத்துக்கு அடியில் ஊர்ந்து போவதை நேரிலேயே பார்க்கலாம். பகலில் கடிக்கும் ஒருவகை ஈ பரப்புவதால் இதன் நுண்புழுக்களும் பகலில்தான் ரத்தத்துக்கு வரும். பொதுவாகக் கொல்லும் நோயல்ல. ஆனால் ரத்தத்தில் இதன் நுண்புழுக்கள் மிக அதிகமாக இருப்பவர், மில்லிலிட்டருக்கு 30,000-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐவர்மெக்டின் மாத்திரையை விழுங்கினால் புழுக்கள் கூட்டமாகச் சாகும்போது மூளை பாதிக்கப்பட்டு நினைவிழக்கலாம், உயிரும் போகலாம். ஆப்பிரிக்காவில் யானைக்காலுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று அதே ஐவர்மெக்டின்.

அந்தக் காடுகளில் அட்டையைக் கொண்டு வரைபடம் போட்டபோது பல இடங்களில் கோடு விழுந்தது. யானைக்கால் இருக்கிறது என்று பதிவானது. ஆனால் இரவு ரத்தத்தில் பான்கிராஃப்டியின் நுண்புழு கிடைக்கவில்லை. 2013-க்குப் பின் கேமரூனிலும் காங்கோவிலும் நடந்த ஆய்வுகள் குட்டை வெளிப்படுத்தின. லோவா நுண்புழுக்கள் மிகுந்தவர்களிடம் லோவாவே அந்தச் சர்க்கரையைச் சுமந்த பொருளை ரத்தத்தில் கசியவிடுகிறது. ஏ.டி.12-ம் ஓ.ஜி.4.சி.3-ம் இரண்டுமே அதைப் பான்கிராஃப்டி என்று எடுத்துக்கொண்டன. அதாவது, எவருக்கு அந்த மருந்து ஆபத்தோ, அவரைத்தான் மருந்துக்கு உரியவர் என்று பட்டை சுட்டிக்காட்டியது.

எதிர்ப்பொருள் மாறவில்லை, தவறவும் இல்லை. நாய்ப்புழுவிலிருந்து மனிதப் புழுவுக்குத் தாவ எந்தப் பொதுச் சர்க்கரை உதவியதோ, அதுவே இங்கே காலை வாரியது. லோவா உள்ள பகுதிகளில் ஐவர்மெக்டினைத் தவிர்த்து, ஆண்டுக்கு இருமுறை ஆல்பெண்டசோலும் கொசுவலையும் கொடுக்கும் வழியை உலகச் சுகாதார நிறுவனம் முன்பே வகுத்திருந்தது. எங்கே உண்மையில் யானைக்கால் இருக்கிறது என்ற கேள்விக்கு அங்கே மீண்டும் இரவு ரத்தமும் வேறு சோதனைகளும் தேவைப்படுகின்றன.

அந்த வேறு சோதனைகளில் மனித எதிர்ப்பொருளுக்கு மறுபடி இடம் கிடைத்திருக்கிறது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் தாமஸ் நட்மன் குழு 2012-இல் டபிள்யூ.பி.123 என்ற ஆன்டிஜெனை முன்வைத்தது. கொசுவிலிருந்து மனிதனுக்குள் நுழையும் பான்கிராஃப்டி இளம்புழுவுக்கு உரியது அது. அதற்கு எதிரான எதிர்ப்பொருள் குழந்தையிடம் இருந்தால், புழு அண்மையில் அந்த ஊரில் நுழைந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆற்றுக்குருடு நோயின் ஆங்கோசெர்கா வால்வுலஸ் புழுவுக்கு இதேபோல் ஓ.வி.16 என்ற ஆன்டிஜென் உண்டு. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் அதன் எதிர்ப்பொருள் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருந்தால்தான் அந்த நோய்க்கான மருந்தை நிறுத்தலாம். தனிமனிதனுக்கு மருந்து எழுத இவை உதவா. ஓர் ஊரில் பரவல் நின்றுவிட்டதா என்று அறிய இவற்றைவிட நல்ல சாட்சி குறைவு. ஒரு காலத்தில் குறையாகச் சொல்லப்பட்ட எதிர்ப்பொருளின் நீண்ட ஆயுளே இங்கே அதன் பலம்: எந்தக் குழந்தையிடமும் அது இல்லையென்றால், அந்தக் குழந்தைகள் பிறந்த நாளிலிருந்து புழு வரவே இல்லை.

ஆக, பட்டையில் விழும் கோட்டுக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம் கிடையாது. சென்னையிலோ புதுச்சேரியிலோ ஏ.டி.12 கோடு விழுந்தால் உடம்பில் பான்கிராஃப்டி தாய்ப்புழு இருக்கிறது, அல்லது அண்மைவரை இருந்தது. சேர்த்தலையில் கோடு விழாவிட்டால் நோயில்லை என்று சொல்லிவிட முடியாது. கேமரூன் காட்டில் கோடு விழுந்தால் முதலில் லோவாவைச் சந்தேகிக்க வேண்டும். மருந்து சாப்பிட்டபின் நுண்புழு மறைந்தாலும் தாய்ப்புழு பிழைத்திருக்கலாம். கோடு சில ஆண்டுகள் தொடர்ந்து விழும். பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டியதை அரைமணி கழித்துப் பார்த்தால் இல்லாத கோடும் தெரியும். கருவியைச் செய்தவர்களின் அறிவு பாதி. படிப்பவரின் அறிவு பாதி.

2018-இல் நோய்த்தொற்று உள்ளவர்கள் 5.1 கோடி என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. குறைத்தது மாத்திரை, குறைந்ததைக் காட்டியது எதிர்ப்பொருள். உங்கள் ஊருக்கு யானைக்கால் மாத்திரை வரும் நாளில், சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கடும் நோயாளிகளும் தவிர மற்றவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளாமல் ஊழியர் எதிரிலேயே விழுங்கிவிடுங்கள். பள்ளியில் பிள்ளையின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் கேட்டால் மறுக்காதீர்கள். கால் வீங்கிய பிறகு எந்தப் பட்டையாலும் அந்தக் காலைத் திருப்பித் தர முடியாது.